எட் மக்கிவேர்னின் மணிக்கூடு

கொமிக்ஸ் வாசித்து வளர்ந்த எல்லாருக்கும் லக்கி லூக்கைத் தெரியும். தன் நிழலை விடக் கெதியாகச் சுடுகிறவன். நிழல் இடுப்பில் கை வைக்கிறதுக்குள்ளேயே அதன் வயிற்றில் ஓட்டை விழுந்திருக்கும். அதைப் பார்த்து நாங்கள் சிரிக்கிறோம். ஆனால் டெக்ஸ் வில்லர் ஒரு குடிசைக்குள் பாய்ந்து, கண் இமைக்கிறதுக்குள் நாலு பேரை விழுத்தினால் சிரிப்பதில்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த சண்டைக்குப் போகிறோம். எது கேலி, எது நடக்கக்கூடியது என்ற கோடு எங்கே கிடக்கிறது என்று ஒருதரும் கேட்பதில்லை.

அந்தக் கோட்டை அளக்கிறதுக்காகவே வாழ்நாளில் பாதியைச் செலவழித்த ஒரு மனுசன் இருந்தார். பெயர் எட் மக்கிவேர்ன். 1874இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிறந்தவர், மொன்டானா மாநிலத்தின் லூவிஸ்டவுன் என்ற சின்ன நகரத்தில் வாழ்ந்தவர். தொழில், விளம்பரப் பலகை எழுதுவது. குள்ளமான, கொஞ்சம் தடித்த உடம்பு. தோற்றத்தைப் பார்த்தால் எந்த கௌபோய் படத்திலும் பலசரக்குக் கடைக்காரன் வேடம்தான் கொடுப்பார்கள். இவர் 1932இல் தென் டகோட்டாவின் லீட் நகரத்துச் சுடுகளத்தில், 15 அடி தூரத்திலிருந்து ஒரு றிவோல்வரால் ஐந்து வெடி வைத்தார். ஐந்து ஓட்டையையும் ஒரு வெள்ளி அரை டொலர் நாணயத்தால் மூடலாம், அதாவது மூன்று சென்ரிமீற்றர் அகலத்துக்குள். எடுத்த நேரம் 0.45 வினாடி. அண்டைக்கு இரண்டு தரம் அதைச் செய்தார். அப்போது வயது 57.

1938இல் அவர் எழுதி வெளிவந்த புத்தகம்தான் ‘ஃபாஸ்ட் அன்ட் ஃபான்சி றிவோல்வர் ஷூட்டிங்’. மறுபதிப்புகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. 400 பக்கத்துக்கு மேல். இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதுமே எங்களுக்குள்ளேயே ஒரு கேள்வி வந்தது: எங்கட ஆக்கள் வாசிக்கிற இடத்தில் துவக்குப் புத்தகமா?

நியாயமான கேள்விதான். ‘துவக்கு’ என்ற சொல்லை எங்கட வீடுகளில் சும்மா விளையாட்டாகக் கதைக்கேலாது. சொன்னால் அம்மம்மா எழும்பி உள்ளே போய்விடுவா. அதனால் முதலே சொல்லிவிடுகிறோம், ஒருவரையும் துவக்குப் பிடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. இங்கே றிவோல்வர் வைத்துப் பழகுகிற வசதியும் எங்களில் ஒருவருக்கும் இல்லை, வேண்டியதும் இல்லை. ஆனால் துவக்கைப் பற்றிப் பயமும் பக்தியும் தவிர மூன்றாவதாக ஒரு பார்வை எங்களிடம் இல்லை என்பது குறைதான். ஒன்றில் கும்பிடுகிறோம், இல்லாவிட்டால் பேச்சை மாற்றுகிறோம். துவக்கை ஒரு இரும்புச் சாமானாக, ஒரு கையின் பழக்கமாக, ஒரு நேரக்கணக்காகப் பிரித்துப் போட்டுப் பார்க்கிற புத்தகம் இது. எங்களுக்கு அதனாலேயே இது பிரயோசனமாகப் பட்டது. புத்தகம் எங்கே போய் நின்றுவிடுகிறது என்பதும் எங்களுக்கு முக்கியம். அதைப் பிறகு சொல்கிறோம்.

கண்காட்சிச் சூடு என்பது ஒரு காலத்தில் அமெரிக்காவில் பெரிய தொழில். அன்னி ஓக்லி 1885இலிருந்து பஃபலோ பில்லின் காட்சிக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். அட் டொப்பர்வைன் என்பவர் 1907இல் சன் அன்டோனியோவில் பத்து நாள் தொடர்ந்து, ஆகாயத்துக்கு எறிந்த 72,500 மரக்கட்டைகளைச் சுட்டு, ஒன்பதைத்தான் தவறவிட்டார். இவர்களில் பலருக்குப் பின்னால் துவக்கு, ரவைக் கம்பனிகளின் காசு இருந்தது. சனம் வாயைப் பிளந்து பார்க்கும், கைதட்டும், வீட்டுக்குப் போகும். ஓக்லி பெண்கள் பலருக்குச் சுடப் பழக்கினார் என்பது உண்மைதான். ஆனாலும் இந்தத் தொழிலின் உயிரே ‘உன்னால் இது ஏலாது’ என்று பார்வையாளனை நம்பவைப்பதில் இருந்தது. வித்தைக்காரன் தொப்பிக்குள் முயல் எப்படி வந்தது என்று சொன்னால் அடுத்த காட்சிக்கு யார் ரிக்கெற் எடுப்பார்?

மக்கிவேர்ன் செய்தது அதைத்தான். முயலை வெளியில் எடுத்து மேசையில் வைத்தார்.

கொஞ்சம் இரும்புக்குள் போவோம், பயப்படாதீங்கோ. றிவோல்வரின் விசையை ஒருமுறை முழுக்க இழுக்கும்போது உள்ளே அடுத்தடுத்து சில வேலைகள் நடக்கின்றன. ரவைகள் இருக்கிற உருளை ஒரு அறை அளவு சுற்றுகிறது. அடுத்த ரவை குழலுக்கு நேரே வந்ததும் உருளை பூட்டிக்கொள்கிறது. அதே இழுப்பில் பின்பக்கச் சுத்தியலும் எழும்பி, கடைசியில் விழுகிறது, வெடி போகிறது. எல்லாம் ஒரு விரலின் வேலை என்பதால் இழுப்பு நீளம், பாரமும் கூட. இதுக்கு மாற்றுவழி ஒன்று உண்டு. பெருவிரலால் சுத்தியலை முதலே பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால், விசையை மெல்லத் தொட்டாலே போதும். கை அசையாது, குறி தப்பாது. அந்தக் காலத்தில் இலக்குச் சூட்டுப் போட்டிக்குப் போனவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சுட்டார்கள். முழு இழுப்பு என்பது ஆபத்து நேரத்தில், முகத்துக்கு முன்னால் நிற்கிற ஆளுக்கு மட்டும், திருத்தமாகச் சுட அது சரிவராது என்பதுதான் பொதுவான அபிப்பிராயம்.

மக்கிவேர்ன் பிடித்த பக்கம் மற்றப் பக்கம். முழு இழுப்பிலும் திருத்தம் வரும், ஆனால் பழகவேண்டும் என்றார். அதோடு நிற்காமல் எப்படிப் பழகுவது என்று பிடி, நிலை, பார்வை, விரல் எனத் துண்டு துண்டாக வெட்டி எழுதினார். எங்களைப் பிடித்து நிறுத்தியது விரல் பற்றிய விசயம். கெதியாகச் சுடவேண்டும் என்று நினைக்கிற எவரும் இழுப்பதைப் பற்றித்தான் யோசிப்பார். விடுவதைப் பற்றி யோசிக்கமாட்டார். ஆனால் வெடி போன பிறகு விசை முழுத்தூரம் முன்னுக்கு வராவிட்டால் உள்ளே இருக்கிற பல்லு அடுத்த சுற்றைப் பிடிக்காது. பாதி வந்த விசையைத் திரும்ப இழுத்தால் துவக்கு சண்டித்தனம் பண்ணும். விசையை முன்னுக்குத் தள்ளுவது ஒரு வில்லுச்சுருள். விரல் எவ்வளவு கெதியானாலும் அந்தச் சுருளை முந்தேலாது. ஆக, அந்த 0.45 வினாடிக்குள் சரிபாதி வேலை, விரலைச் சரியான நேரத்தில் தளர்த்துவதுதான்.

இதை வாசிக்கும்போது தவில் பழகிய ஒருவர் எங்களில் சொன்னார், ‘அடிக்கிறதை விட எடுக்கிறதுதான் கஷ்டம்’ என்று. சங்கீதம் பழகினவர்களுக்கு இது விளங்கும். ஒரே கோர்வையை முதல் காலத்தில் வாசித்து, பிறகு இரண்டாம் காலம், பிறகு மூன்றாம் காலம். முதல் காலத்தில் இடறுகிற இடம் மூன்றாம் காலத்தில் ஓடி ஒளியாது, பெரிசாகத்தான் தெரியும். மக்கிவேர்னும் இதே ஒழுங்கில்தான் வருகிறார். முதலில் மெதுவாக, வழுக்கலாக, திருத்தமாக. வேகம் பிறகு. வேகத்தை முதலில் துரத்துகிறவனுக்கு இரண்டும் கிடைக்காது.

இந்த விசயத்தை இப்போது வீடியோவில் பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்க்கலாம். 1999இல் ஜெரி மிக்குலெக் என்ற அமெரிக்கர் ஒரு றிவோல்வரில் ஆறு வெடி வைத்து, உருளையைத் திறந்து கோதுகளைக் கொட்டி, திரும்ப ரவை நிரப்பி, இன்னும் ஆறு வெடி வைத்தார். எல்லாமாக 2.99 வினாடி. அவரைப் பார்த்து மயங்காத ஆள் இல்லை. ஆனால் கணக்குப் பார்ப்போம். சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 படங்கள். மக்கிவேர்னின் 0.45 வினாடி என்பது 13 படங்கள். ஒரு வெடிக்குச் சராசரி மூன்று படமும் இல்லை. விரல் இழுத்தது எந்தப் படத்தில், விட்டது எந்தப் படத்தில்? கமரா எல்லாவற்றையும் காட்டியும், பழகவேண்டிய இடத்தைக் காட்டவில்லை. ஸ்லோ மோஷன் போட்டாலும் வெளியில் தெரிகிற விரலைத்தான் காட்டும். விரல் எதை உணரவேண்டும் என்பதை வார்த்தையில்தான் சொல்லலாம். கைத்தொழிலைப் புத்தகத்தில் பழகேலாது என்று சொல்கிறவர்கள் நிறையப்பேர். பாதி சரி. புத்தகம் மட்டும் போதாதுதான். ஆனால் 40 வினாடி வீடியோ ஐந்நூறைப் பார்த்துவிட்டு ‘எனக்கு விளங்கிட்டுது’ என்று எழும்புகிறோமே, சமையலோ எடிற்றிங்கோ கிற்றாரோ எதுவானாலும், அந்த விளக்கம் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. அந்த வகையில் இந்தப் பழைய புத்தகம் எங்களுக்குக் கொஞ்சம் உறைத்தது.

புத்தகத்தின் உண்மையான கதாநாயகன் றிவோல்வர் இல்லை, மணிக்கூடு. அந்த நாளில் துவக்குக்காரர்களின் வேகம் பற்றி அமெரிக்காவில் உலாவிய கதைகளுக்கு அளவே இல்லை. எங்கட ஊர்ச் சண்டியன் கதைகள் மாதிரித்தான், சொல்லச் சொல்ல வளரும். சொன்னவரும் செத்து, சுட்டவரும் செத்து, சுடப்பட்டவர் முதலே செத்துப்போனதால் சாட்சி ஒருவரும் இல்லை. மக்கிவேர்ன் வாயால் மறுத்துக்கொண்டு இருக்கவில்லை. மின்சாரத்தில் ஓடுகிற நேரக் கருவிகளை அமைத்து, ஒவ்வொரு வித்தையாக அதுக்கு முன்னால் செய்து பார்த்தார். இரண்டு கையிலும் இரண்டு றிவோல்வர்: பத்து வெடி, 1.2 வினாடி, பத்தும் இரண்டு விளையாட்டுக் கடதாசிகளுக்குள். விசையை விட்டுவிட்டு மற்றக் கையால் சுத்தியலைத் தட்டித் தட்டிச் சுடுகிற, படங்களில் வருகிற அந்த வித்தையையும் அவர் விடவில்லை.

அளக்கத் தொடங்கினால் அதிசயம் குறையும் என்று நினைப்போம். இங்கே நடப்பது வேறு. ஆகாயத்துக்கு எறிந்த தகரப் பேணி நிலத்தில் விழுகிறதுக்குள் ஆறு தரம் சுடுவது என்று கேட்டால் மந்திரம் மாதிரி இருக்கும். சாதாரணதரப் பெளதிகம் போதும், பேப்பரில் போட்டுப் பாருங்கோ. 20 அடி உயரம் எறிந்தால் ஏறுவதற்கு ஏறக்குறைய 1.1 வினாடி, இறங்குவதற்கு 1.1 வினாடி. மொத்தம் இரண்டு வினாடிக்கும் மேல். உச்சியில் பேணி ஒரு கணம் நிற்கிற மாதிரித்தான். ஐந்து வெடியை அரை வினாடிக்குள் வைக்கிற கைக்கு அது தாராளமான நேரம். மந்திரம் போய்விட்டது, ஆனால் அந்த மனுசன் மேல் மரியாதை கூடிவிட்டது. கதை கேட்டு வருகிற மரியாதைக்கும் கணக்குப் பார்த்து வருகிற மரியாதைக்கும் வித்தியாசம் இருக்கு.

எழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் வாங்கிவிட்டு எங்களைத் திட்டக்கூடாது. மனுசன் நல்ல எழுத்தாளர் இல்லை. சொன்னதையே திரும்பச் சொல்வார். ஒரு வசனம் தொடங்கினால் மூச்சு முட்ட முட்டப் போகும். கருவிகளின் விபரம் வரும் இடங்களில் நாங்களே பக்கங்களைத் தாண்டினோம். துவக்கே கையில் இல்லாத எங்களுக்கு அதில் பாதி வெறும் சத்தம். ஆனாலும் இந்த வளவளப்புக்குள் ஒரு நேர்மை இருக்கு. செய்து காட்டாததைச் சொல்லக்கூடாது, சொன்னதை மற்றவனும் செய்து பார்க்கிற மாதிரிச் சொல்லவேண்டும் என்ற பிடிவாதம். திறமைசாலிகள் எல்லாரிடமும் அது இருக்காது. ‘அது பிறவியிலேயே வந்தது தம்பி’ என்று தோளில் தட்டி அனுப்பிவிடுகிற வாத்திமார் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்.

இனி, புத்தகம் நிற்கிற இடம். புத்தகத்தின் முழுப் பெயரில் இன்னும் இரண்டு சொல் உண்டு: ‘பொலிஸ் பயிற்சி’. அதில் பெரிய பகுதி பொலிஸ்காரர்களுக்கானது. அவர் அவர்களுக்குப் பழக்கியும் இருக்கிறார். வேடிக்கைக்காகச் சுட்ட கையின் வித்தையை உயிர்ப் பிரச்சினை உள்ள கைக்கு மாற்றிக் கொடுக்கிறார். நோக்கத்தில் பிழை சொல்ல முடியாது. தெருவில் நிற்கிற பொலிஸ்காரன் கண்டபடி சுடுவதை விடத் திருத்தமாகச் சுடுவது எல்லாருக்கும் நல்லது. ஆனால் தகரப் பேணியிலிருந்து மனுசனுக்குத் தாண்டும்போது ஒன்று கூடவே தாண்டி வரவில்லை. பேணியைச் சுடலாமா என்று ஒருவரும் கேட்பதில்லை. அது எறியப்படுவதே சுடுவதற்குத்தான். மணிக்கூடு ஓடத் தொடங்கும்போது அந்தக் கேள்வி முடிந்துபோயிருக்கும்.

தெரிவு செய்வதற்கும் நேரம் எடுக்கும், அந்த நேரத்தைத் தனியாக அளக்கலாம் என்பது மக்கிவேர்ன் பிறப்பதற்கு முதலே உலகத்துக்குத் தெரியும். டொண்டர்ஸ் என்ற ஒல்லாந்து உடலியலாளர் 1868இல் அதைச் செய்தார். ஒரே ஒரு சைகைக்குக் கை அசைக்கிற நேரத்தை முதலில் அளந்தார். பிறகு பல சைகைகளில் எது என்று பார்த்து அதற்கேற்ப அசைக்கிற நேரத்தை அளந்தார். இரண்டாவது கூட. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிச்சம், மனம் தீர்மானிக்க எடுத்த நேரம். தெரிவுகள் கூடக் கூட அந்த நேரமும் கூடும் என்பதை 1952இல் ஹிக் என்ற ஆங்கிலேயர் கணக்காகவே எழுதினார். துவக்குப் பயிற்சி உலகம் விரும்பிப் பிடித்தது எது? கையின் நேரம். அதைத் தேய்த்துத் தேய்த்துக் குறைக்கலாம், பட்டியல் போடலாம், பரிசு கொடுக்கலாம். தீர்மானத்தின் நேரத்தைக் குறைத்தால் பரிசு கொடுப்பதா, தண்டிப்பதா?

இதுக்கு ஒரு பதில் வரும், அதையும் வைத்துப் பார்ப்போம். 1976இல் தொடங்கிய சர்வதேச நடைமுறைச் சூட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளில், சுடக்கூடாத இலக்குகளும் நடுவில் நிற்கும். அதில் பட்டால் புள்ளி வெட்டு. ஆக, விளையாட்டு இதை யோசிக்காமல் இல்லை என்பார்கள். ஆனால் அந்தப் போட்டியில் ஒவ்வொருவருக்கும் களத்தை முதலே நடந்து பார்க்க விடுவார்கள். எது சுடக்கூடாத இலக்கு என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் தொடக்க ஒலிக்காக நிற்கிறார்கள். அந்தக் கூட்டமைப்பின் இலத்தீன் சுலோகம் மூன்று குணங்களைச் சொல்கிறது: திருத்தம், வலு, வேகம். நாலாவது இல்லை.

2014 நொவம்பர் 22, ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரம். ஒரு பூங்காவில் 12 வயதுப் பெடியன் தமிர் ரைஸ் விளையாட்டுத் துவக்கு ஒன்றோடு நின்றான். பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்த ஆள், அது பொய்த் துவக்காக இருக்கலாம், அவன் சின்னப் பெடியனாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அந்த இரண்டு வார்த்தையும் காரில் போனவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்று இரண்டு வினாடிக்குள் அவன் சுடப்பட்டான். அடுத்த நாள் செத்துப்போனான். சுட்டவர் மேல் குற்றம் சாட்டத் தேவையில்லை என்று ஜூரிகள் 2015 டிசம்பரில் முடிவெடுத்தார்கள்.

மக்கிவேர்னின் புத்தகத்துக்கும் இந்தச் சாவுக்கும் நேர்கோடு போட நாங்கள் வரவில்லை, அது அநியாயம். சொல்லப்போனால் சுட்டவர் கைகாரனே இல்லை. முதலில் வேலை பார்த்த பொலிஸ் பிரிவு, பயிற்சியில் அவருடைய கைத்துப்பாக்கிச் சூடு படுமோசம் என்று எழுதி வைத்திருந்தது. இதுதான் எங்களை யோசிக்க வைத்தது. அந்த இரண்டு வினாடியில் குறைந்தது கையின் திறமை இல்லை. மக்கிவேர்ன் 20 வருசம் பழக்கியிருந்தாலும் அந்த ஆள் அந்த இடத்தில் இன்னும் திருத்தமாகச் சுட்டிருப்பார், அவ்வளவுதான். கார் நின்ற இடம், கதவு திறந்த வேகம், ‘அவன் யார், கையில் என்ன’ என்று கேட்க ஒதுக்காத நேரம், இவற்றில் ஒன்றும் விரலுக்குள் இல்லை. கொஞ்சம் தள்ளி, எதற்காவது பின்னால் காரை நிறுத்தியிருந்தால் இரண்டு வினாடி இருபது வினாடி ஆகியிருக்கும். பொலிஸ் பயிற்சி என்று அட்டையில் போடுகிற எந்தப் புத்தகத்துக்கும், 1938 ஆனாலும் இன்றைக்கானாலும், முதல் அத்தியாயம் அதுவாக இருக்கவேண்டும் என்பது எங்கட கருத்து. சுடுவதைக் கெதிப்படுத்துவதுக்கு முதல், சுடத் தேவையில்லாத நேரத்தை நீட்டுவது எப்படி என்பது.

மக்கிவேர்னிடமே அதுக்கான பொறுமை இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1935இல் .357 மக்னம் என்ற வலுக்கூடிய றிவோல்வர் வந்தபோது அவர் அதை வைத்து 600 யார் தூரம் வரைக்கும் ஆள் உயர இலக்குகளைச் சுட்டுப் பார்த்தார். கைத்துப்பாக்கிக்கு அது பைத்தியக்காரத் தூரம். அங்கே வேகத்துக்கு வேலையில்லை. காற்றைப் பார்த்து, ரவை எவ்வளவு தாழும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு வெடியாக மண் எங்கே கிளம்புகிறது என்று பார்த்துத் திருத்தவேண்டும். அரை வினாடி மனுசனுக்குக் காத்திருக்கவும் தெரிந்திருக்கு. அந்தக் காத்திருப்பை வெறும் தூரத்துக்குப் பாவித்தாரே தவிர, பொலிஸ்காரனின் கைக்குள் வைக்கவில்லை.

கடைசிக் காலத்தில் மூட்டுவாதம் அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டது, சுடுவது நின்றுபோனது. 1957இல் காலமானார்.

வாசிக்க விரும்புகிறவர்கள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டாம். முழு இழுப்புப் பற்றிய பகுதிகளை முதலில் எடுங்கோ, பிறகு நேரக் கருவிகள் இருக்கிற படங்களைப் பாருங்கோ. பொலிஸ் பகுதியைக் கடைசியில், தமிர் ரைஸ் பற்றிய செய்திகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கோ. புத்தகத்தோடு சண்டை பிடிக்கத் தோன்றினால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ, போடுவோம்.